முதல் பாகத்தில் இல்லாத சரிவு

கணவர் ஒரு மாதம் வீட்டில் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கத் தூங்கலாம். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். தட்டில் போட்ட சாப்பாட்டை ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிக்கலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதை நினைக்கும்போது தன் முகம் எப்படி இருக்குமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. கொழுந்தன் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, பேச மாட்டேங்கறீங்க?"

அவன் பக்கத்தில் ஆர்ட் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்து வைத்த டீயை இன்னும் தொடவில்லை. கண் சுவர்களையே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் பார்க்கிறார்கள், மனிதர்கள் குறுக்கே வந்து மறைப்பதற்கு முன் சுவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல.

தெரு முழுக்கப் பழைய கல்வீடுகள். ராஜா ராணி சீரியலை அங்கே எடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஊர் பின்னோக்கி வாழக் கற்றுக்கொண்டது. ஷூட்டிங் நாளில் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும். கொடியில் துணி தொங்கக்கூடாது. பிளாஸ்டிக் வாளி வாசலில் தெரியக்கூடாது. எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா, முதல் பாகத்தில் பானையைத் தூக்கிக்கொண்டு ராணிக்குப் பின்னால் நடந்தவள். அதற்குப் பிறகு கடையில் சோப்பு எடுத்துக் கொடுப்பதையே அரண்மனைச் சேவகம் மாதிரிச் செய்கிறாள். தெருக் குழுவுக்குக் கொழுந்தன்தான் தலைவன். வாடகை பேசுவது, பிரிப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவன் வேலை.

இரண்டாம் பாகம் எடுக்க வந்திருக்கிறார்கள். கதையில் அது முதல் பாகம் முடிந்த மறுநாள் காலை. அதாவது எதுவும் மாறியிருக்கக்கூடாது.

"ராணி அழுதாளே, அந்த வாசப்படி, அதிலிருந்துதான் எந்திரிக்கணும்மா," என்றார் ஆர்ட் டைரக்டர். "ஜனங்களுக்கு அந்தப் படி மனப்பாடம். போட்டோ எடுத்துக்கறதுக்குன்னே வர்றாங்க. இப்ப வந்து பார்த்தா..."

இப்போது அந்தப் படிகளின் மேல் ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறது. ஓரத்தில் இரும்புக் கைப்பிடி.

"மேல பலகை போட்டு மறைக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"நிஜக் கல்லு வேணும்மா. போலியா செஞ்சா கேமராவுல தெரிஞ்சிடும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

முதல் பாகத்தின் கடைசி வாரத்தில், காட்சியில் ஓர் ஆண்டெனாவின் நுனி தெரிகிறது என்று தெருவிலிருந்து கத்தினார்கள். கழற்றுவதற்கு அவள் கணவர் கூரைமேல் ஏறினார். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய கூரை. எந்த ஓடு ஆடும் என்று காலுக்கே தெரியும். ஆனால் முந்தைய நாள் ஆர்ட் ஆட்கள் பின்பக்கத்துத் தகரத்தைப் பிரித்துவிட்டு, மெல்லிய சட்டத்தில் தெர்மாகோல் ஓடுகளை அடுக்கிப் பாசி படிந்தாற்போல வண்ணம் பூசியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் நம்பிக் கால் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆர்ட் ஆட்களில் ஒருவர், பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்: "எங்க வேலை அவ்வளவு தத்ரூபம்மா, எங்க ஆளுங்களே ஏமாந்துடுவாங்க."

இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. சீரியல்காரர்கள் வைத்தியம் பார்த்தார்கள், சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள். சரிவுக்குத்தான் குழு சம்மதிக்கவில்லை. தெருவின் பழமை கெட்டுவிடுமாம். அவள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, அழக்கூடாது என்று நினைத்த இடங்களிலெல்லாம் அழுது, அதை வாங்கினாள். அதன்பிறகு தினமும் காலையில் அவர் யார் கையும் படாமல் தெருமுனைவரை போய் வருகிறார். அவராகச் செய்வது அது ஒன்றுதான்.

"அண்ணனுக்கு டவுன்ல லாட்ஜ் ரூம், கூட ஒரு நர்ஸ்," என்றான் கொழுந்தன். "முடிஞ்சதும் திரும்பக் கட்டிக் குடுத்துடுவாங்க."

"குழு விடுமா?"

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணி." அவன் குரல் ஒரு படி இறங்கியது. "இந்த வீடு இல்லைன்னா வேற ஊருக்குப் போயிடுவாங்க. தெருவே உங்களைத்தான் சொல்லும். உங்களுக்கும் ஓய்வு வேணாமா? பாத்தா எனக்கே கஷ்டமா இருக்கு."

கடைசி வாக்கியம் பொய்யில்லை. அதுதான் அவளைச் சுட்டது. இத்தனை நாளில் அவள் களைப்பை வாய்விட்டுச் சொன்னவன் இவன் ஒருவன்தான், அதுவும் இதற்காக.

ஆர்ட் டைரக்டர் வாசலைப் படம் எடுக்க எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் வெளியே வந்தார்கள். கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். எதிர்க்கடையிலிருந்து கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "இந்தத் தடவையாவது எனக்கு ஒரு வரி வசனம் வாங்கிக் குடு தம்பி, பானையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டையே போச்சு!" என்றாள்.

அப்போதுதான் அவள் கணவர் தெருமுனையிலிருந்து திரும்பிவந்து சரிவில் பாதி ஏறியிருந்தார். வேர்த்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னை ராஜாவா போட்டுக்குங்களேன். சிம்மாசனம் என்கிட்டயே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. ஆர்ட் டைரக்டர் போனை உயர்த்திப் பிடித்து, இடது கையால் காற்றில் எதையோ ஒதுக்குவதுபோலச் சைகை காட்டினார். ஆட்களில் ஒருவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "ஓரமா வச்சிடறேன் சார்," என்று நாற்காலியைப் பிடித்து, ஏறிய தூரம் முழுக்கக் கீழே இறக்கி, சுவரோரம் நிறுத்தினான். முரட்டுத்தனமில்லை. மேசையை நகர்த்துகிற கவனம்.

அவர் சக்கரத்திலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சரிவு வருவதற்குமுன், அந்த ஒரு வருஷம் முழுக்க, கூடத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கைகளில் பலம் இருந்தும், அவற்றை அவள்தான் எடுத்துக் கழுவுவாள், துடைப்பாள், திரும்ப மடியில் வைப்பாள்.

"நீ சொன்ன அந்த லாட்ஜுக்கு நான் போறேன்டா," என்றார் தம்பியைப் பார்த்து. "அவளும் கொஞ்சம் நிம்மதியா தூங்கட்டும்."

அவளைப் பார்க்காமல்தான் சொன்னார். தெரிந்திருக்கிறது. ராத்திரி கூப்பிட்டதும் அவள் எழுந்து வருவதற்கு முன்னால் விழுகிற அந்த இடைவெளியை, அதில் அவள் என்ன நினைக்கிறாள் என்பதை, அவர் எண்ணிக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். அவளுக்குள் எழுந்தது அவமானமா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. இது அன்பில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்பாக இருந்திருந்தால் இவ்வளவு கசக்காது. அவர் கூப்பிட்டால் எழுந்திருக்கத்தான் போகிறாள், நாளைக்கும், அதற்கு மறுநாளும்.

"அண்ணனே சொல்லிட்டாரு," என்று கொழுந்தன் ஆட்களுக்குத் தலையை ஆட்டினான்.

அவள் போய்ச் சரிவின் மேல் நின்றாள். சிமெண்டு காலுக்குக் கீழே சூடாக இருந்தது.

"வேண்டாம் தம்பி."

"அண்ணி, தெரு மொத்தமும்..."

"தெரியும்."

"ஒரு மாசம்தான் அண்ணி. நீங்க தூங்கணும்னுதான் அவரே..."

"தெரியும்," என்றாள் மறுபடியும். கடைக்காரம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக. "உடைக்க வேண்டாம்."