பாறை இடுக்கில் மணியோசை

மூன்று நாள் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது, பிரிஜெட் வீட்டுப் பீடத்திலிருந்த சிறிய பித்தளை மணியையும் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். காக்ஸ் டவுன் வீட்டில் இருபத்தாறு வருடமாக மாலை ஆறுக்கு அதை அடித்துச் செபத்தைத் தொடங்குகிறவள் அவள்தான். கணவர் கிளாரன்ஸ் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நின்றுவிடுவார்.

கிளாரன்ஸின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் இப்போது எல்லாம். இன்னும் ஒரு வருடம் என்று டாக்டர் சொன்ன அன்றே, "முழுசா போறதுக்குள்ள ஒருதரம் காட்டு யானையப் பாத்துடணும்" என்றார். ஞாயிறுதோறும் அவர் சவாரிக்குப் போகும் ஹென்னூர் குதிரைப் பள்ளி, அந்த டிசம்பரில் காவிரிப் பள்ளத்தாக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போவதாக இருந்தது.

"இந்தக் கண்ண வச்சிக்கிட்டு குதிரையில போறீங்களா?"

"குதிரைக்குக் கண்ணு நல்லா இருக்கே."

துணைக்கு அவளும் வந்தாள், ஜீப்பில், சாமான்களோடு.

முதல் நாள் மாலை ஆறுக்கு ஜீப் இன்னும் வழியில் இருந்தது; மணி மூட்டையிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் மாலை. கீழே ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு ஓடியது. மேலே கூடாரங்கள், புளியமர நிழலில் ஐந்து குதிரைகள். "சத்தம் மட்டும் வேணாம் சார். காத்து நம்ம பக்கம் அடிக்குது, நம்ம வாசனை யானைங்களுக்குப் போகாது" என்றார் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் கௌஸ் பாய்.

யானைகள் வந்தன. எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒவ்வொன்றாக மணலில் இறங்கின. எல்லாருக்கும் தெரிந்தது, கிளாரன்ஸைத் தவிர. அவர் தலையை மெல்ல மெல்லத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க, பிரிஜெட்?"

"அந்த வளைவுல, மணல்லதான்."

அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பிவிட்டிருக்கலாம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு. இரண்டு நாளாக அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வீட்டில் அவள் பார்த்ததே இல்லை. அதில் அவளுக்கு இடமில்லை என்று மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மணியை எடுத்தாள். எடுக்கும்போது எழுந்த மெல்லிய உலோகச் சத்தம் கேட்டதும் கிளாரன்ஸ் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். கொஞ்சம் இரு. இருபத்தாறு வருடத்தில் செபத்தை அவர் காத்திருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் அடித்தாள்.

குதிரைப் பள்ளியில் மாலை ஆறுக்கு மணி அடித்துத்தான் கொள்ளு வைப்பார்கள். ஒரு ஞாயிறாவது அவரோடு போயிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். ஐந்து குதிரைகளும் ஒரே சமயத்தில் கனைத்து, குளம்பால் தரையை உதைத்தன. பாறைச் சுவர்கள் அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அடித்தன. எதிரொலி அடங்குவதற்குள் மணல் காலியாகியிருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"கொள்ளு மணின்னு நெனச்சிடுச்சுங்க மேடம். வாயில்லா ஜான்வருக்கு என்னா தெரியும்" என்றார் கௌஸ் பாய், அவளைப் பார்க்காமல்.

கிளாரன்ஸ் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "சரி, செபத்த ஆரம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாள் யானைகள் வரவில்லை. பாறைமேல் ஒரு நீர்நாய் வெயில் காய்ந்தது. கிளாரன்ஸின் கண் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அது தண்ணீருக்குள் போய்விட்டது.

டாக்டர் ஒரு வருடம் என்றார்; பத்தாவது மாதத்திலேயே பார்வை முழுசாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் மாலைச் செபம் முடிந்ததும் கிளாரன்ஸ் கேட்பார், "அந்த யானைக்குட்டியப் பத்திச் சொல்லு."

பிரிஜெட் பார்த்தது சில முதுகுகளும் ஒரு சின்ன வாலும்தான். முதலில் அதை மட்டும் சொன்னாள். பிறகு குட்டிக்குக் காது வந்தது, மணலில் சறுக்கியது, தாய் தும்பிக்கையால் தாங்கிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே கேட்பார்.

ஒருநாள் சொன்னார், "நான் அப்ப விரல் காமிச்சேன். நீ கவனிக்கல போல."

மணி அவள் மடியில் இருந்தது. அதன் நாக்கை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க. கவனிக்கல."

"ம். குட்டி தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுதுங்க" என்றாள் பிரிஜெட். "வயிறு நெறய."