மணியின் நாக்கில் ஒரு காலுறை

அந்த வருஷம் முழுக்க நான் கொட்டகையில் புல்வெட்டும் எந்திரத்தின் பக்கத்தில் நின்றுதான் டோஸ்ட் தின்றேன். நான் கடிக்கும் ஓசை, கரும்பாலை இடிந்து தலையில் விழுவதுபோல் இருப்பதாக பெரில் சொன்னாள். அவள் என் மனைவி. பெட்ரோல் பங்கில் ஒரு லாரி டயர் அவள் காதருகே வெடித்த நாளிலிருந்து, கரண்டி கோப்பையில் பட்டாலே துடித்துப்போவாள்.

நான் சும்மா இருப்பேனா? கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரு படைக்கே போதுமான காதுமூடிகள் என்னிடம் இருந்தன. ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டேன். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி, தட்டுகளெல்லாம் பிளாஸ்டிக். வீடு எவ்வளவு அமைதியானதென்றால், சுவரில் பல்லிகள் வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தன. அப்படியும் அவளுக்கு முற்றிக்கொண்டே போனது. கடைசியில் என் மூச்சே இரைச்சலாயிற்று.

புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பில் தொப்பியோடு பாருக்குள் நுழைந்தால் மணி அடிக்கும். அடித்தால் தொப்பிக்காரன் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கித்தர வேண்டும். அடிக்கும் உரிமை பெரிலுக்கு மட்டுமே. மேயரானாலும் அவளிடம் தப்பியதில்லை. காதுமூடியோடு அவள் வந்த அன்று பார்த்தால், பார்க்காரன் கெவ் இரக்கப்பட்டு மணியின் நாக்கில் தன் காலுறையைக் கட்டியிருந்தான். தொப்பிகள் தைரியமாக நடமாடின. எல்லோரும் சாவு வீட்டில்போல் கிசுகிசுத்தார்கள்.

திரும்பும் வழியில் சொன்னாள்: "நான் டாஸ்மேனியாவுக்குப் போறேன், நெவ். அக்கா பண்ணையில சத்தமே கிடையாது."

"எத்தன நாளைக்கு?"

அவள் காதுமூடியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஒரே ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சி, கெய்ர்ன்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போனேன்.

காது நிபுணர் லின் ஃபாம் காதுமூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளயும் இத யாரு போடச் சொன்னது?"

பெரில் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இருட்டுல கண்ணு அகலமாத் திறக்கும்ல? அதே மாதிரிதான். சுத்தி அமைதியாக ஆக, மூளை சின்னச் சத்தத்தையும் பெருசாக்கிக்கும். ஓடி ஒளியக் கூடாது, மெல்லப் பழக்கணும். வேகத்த நீங்கதான் முடிவு பண்ணணும், பெரில். அவரு இல்ல."

காதுக்குப் பின்னால் வைக்க, தூறல்போல் மெல்ல இரையும் சின்னக் கருவிகள் கொடுத்தாள். காதுமூடி இனி ரம்பம் ஓடும்போது மட்டும். பெரிய பயிற்சிக்கு என் டோஸ்ட். வேலியோரம் நின்று கடிப்பேன். பெரில் கட்டைவிரலை உயர்த்தினால் ஒரு எட்டு முன்னால் வருவேன். முகம் சுளித்தால் பின்வாங்குவேன். சில நாள் அழுதாள், சில நாள் என் பல் வரிசையையே சபித்தாள். அந்த டோஸ்ட் வேலியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்வதற்குள் நாடுகள் விடுதலை வாங்கியிருக்கும். வந்து சேர்ந்த காலையில் நான் சத்தமில்லாமல் ஊறவைத்து விழுங்கினேன்.

"என்ன கிழவா, பல்லு போயிடுச்சா? கடிச்சுத் தின்னு!"

மழைக்காலம் தொடங்கியது. தகரக் கூரையில் ஆயிரம் குதிரைகள் ஓடின. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மெல்ல ஒவ்வொரு விரலாக விட்டாள். பிறகு, "கிளப்புக்குப் போலாமா?" என்றாள்.

போனோம். பேச்சு சட்டென்று கிசுகிசுப்பானது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உள்ளே நடந்தேன், என் தலையில் என்ன இருக்கிறது என்பதை மறந்து.

"நெவ்!" என்றாள் பெரில், நீதிபதி குரலில்.

பார் மேடைக்குப் பின்னால் போனாள். கெவ் தடுக்க வந்தான்.

"தள்ளுடா. உன் காலுற நாறுது."

முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றை இழுத்தாள். கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன, வெளியே கொக்கட்டூக் கிளிகள் மரத்தோடு எழுந்து பறந்தன. பாரே இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. பெரில் மட்டும் பொத்தவில்லை. ஒரு கையில் காலுறை தொங்க, மறுகையால் கயிற்றை இன்னொரு முறை உயரப் பிடித்தாள்.