அக்கறையாக அடைத்த டேங்க்

என் கணவருக்கு எதையும் உறையில்லாமல் பார்த்தால் பொறுக்காது. டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. சோபாவோடு வந்த பாலித்தீனைக் கிழிக்க இன்றுவரை அனுமதியில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எழுந்தால் அதுவும் கூடவே பாதி தூரம் எழுந்து வரும். தங்கமான மனுஷன். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். பாதுகாத்தே ஆளைத் தீர்த்துவிடுவார், அவ்வளவுதான்.

அப்படிப் பாதுகாக்கப்பட்டதில் என் டிரைவிங் லைசென்ஸும் ஒன்று. அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். சாவியைக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்.

"உனக்கு எதுக்கும்மா அந்த டென்ஷன்? எங்க போணும்னு சொல்லு, நான் வந்து கொண்டு விடுறேன்."

மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கல்யாணத்துக்கு முன்னால் செய்த லேப் டெக்னீஷியன் வேலைக்கே மறுபடி மனு போட்டேன். பக்கத்து ஊர் மருத்துவமனையில் கிடைத்தும்விட்டது. காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க நின்றாக வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. லேபின் மேற்பார்வையாளர் அம்மாள் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மொத நாளே லேட்டா வர்றவங்கள நான் வச்சுக்கறதில்லம்மா. அடுத்த ஆள் ரெடியா இருக்காங்க."

எனக்கிருந்த ஒரே வழி எங்கள் கார். எங்கள் மகளைவிட மூத்தது.

"அதுலயா போகப் போற? பெட்ரோல் டேங்க் ஒழுகுது, தெரியும்ல?" என்றார் கணவர். குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

ஒழுகியது உண்மைதான். நானே மெக்கானிக்கை வரவழைத்து வண்டியை அவருடைய பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவரை எல்லோரும் 'சர்ஜன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டார். பேட்டரி வயரைக் கழற்றினார், மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தார், வண்டியை ஜாக்கியில் தூக்கி டேங்கைத் தரையில் இறக்கினார். டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் பழைய கார்ப்பெட் துண்டுகள் திணித்துக் கிடந்தன.

"எந்தப் புண்ணியவான் இத வச்சது?"

கூடவே வந்திருந்த கணவர் இருமினார். "நான்தான். பட்டை உரசிடக் கூடாதேன்னு."

அந்தக் கார்ப்பெட் ஒவ்வொரு மழையையும் குடித்துவிட்டு ஈரத்தோடு டேங்கை அணைத்தபடியே இருந்திருக்கிறது. அது படாத இடமெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பொத்தென்று உள்ளே போனது.

"சும்மா விட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும் சார்," என்றார் சர்ஜன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

புது டேங்க் வந்தது. துருப்பிடிக்காத பூச்சு ஒரு கை, காய்ந்த பிறகு கறுப்புத் தார்ப்பூச்சு இரண்டு கை. பட்டைக்கு நடுவில் தண்ணீர் குடிக்காத ரப்பர். ஒவ்வொன்றுக்கும் சர்ஜன் பிரசங்கம் செய்தார். கணவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். டேங்கின் மேலிருந்து வளைந்து வந்து, வாய் திறந்தபடி தொங்கிய மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் பற்றி மட்டும் சர்ஜன் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவர் டார்ச்சும் மீந்த தார் டப்பாவுமாகக் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"அந்த ஆளு அரைகுறையா விட்டத முடிக்கிறேன். நாளைக்கு நீ போகணும்ல?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சந்தோஷமாகப் போய் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன்.

காலையில் பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நான் ஓட்டறேன்." சண்டை போட நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்கியது, கிளம்பவில்லை.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். நீ மட்டும் தனியா வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? போன் பண்ணி வரலன்னு சொல்லிடும்மா."

இந்த வேலை போனால் மறுபடி அந்தப் பாலித்தீன் சோபாதான். பெட்ரோலாவது இருக்கிறதா என்று பார்க்க இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது.

இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ரத்தம் பிடிக்கும் குழாய்களில் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மூடியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் இப்படித்தான் இழுக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டாமா? வராவிட்டால் டேங்க் எதைக் கொடுக்கும்?

"ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே திருப்பில் கிளம்பியது. அவர் முகம் தெளியவில்லை.

"எத அடைச்சீங்க?"

"அடைக்கல்லாம் இல்ல... ஒரு டியூப் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு. தூசி போகும், தண்ணி போகும்..."

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். முன் சீட்டின் பாலித்தீன் உறையை உருவி ரோட்டோரத்தில் விரித்தேன்; அதற்கும் ஒரு உபயோகம் வந்தது. படுத்துக் கையை நீட்டினால் குழாயின் வாயில் ஒரு மூடி, மேலே தாராளமாகத் தார். சாவியால் சுரண்டிப் பிடுங்கினேன். சிவப்பு ரப்பர் மூடி. என் பழைய லேப் பெட்டியிலிருந்து எடுத்தது.

"அளவு கச்சிதமா இருந்துச்சு," என்றார் மெதுவாக.

நேராகப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். "அந்தப் பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். வழி நெடுக, தன் பக்கம் இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது. வண்டி ஒரு இடத்திலும் உதறவில்லை. மருத்துவமனை வாசலில் நிறுத்தியபோது ஏழாக இன்னும் கொஞ்சம் இருந்தது. சாவியை எடுத்து என் பையில் போட்டேன்.

"அப்ப நான் எப்படிப் போறது?"

"கொஞ்ச நேரத்துல உங்க ஆபீஸ் பக்கம் போற பஸ் வரும். சாயங்காலம் எங்க போணும்னு சொல்லுங்க, நான் வந்து கொண்டு விடுறேன்."

நான் படியேறும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த டியூப் வழியா தூசி போகுமேம்மா?"

"போகட்டுங்க."

தார் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்து நின்றிருந்தது. அவர் காருக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கையையும் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.