இரட்டைப் பிள்ளைக்காரி

கப்பல் மெர்சின் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலையில், மடியில் கிடந்த குழந்தையின் பாதம் சில்லிட்டிருப்பதை மக்ரீனா கண்டாள். துணியை இழுத்து அதை மூடினாள். அழவில்லை. புருஷன் புரோத்ரொமோஸ் துறைமுகத்திலேயே காய்ச்சலில் போனபோது அழுது தீர்ந்துவிட்டதோ என்னவோ, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில், துருக்கியிலிருந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போக வேண்டும் என்றாகிவிட்டது. மக்ரீனாவின் ஊர்க்காரர்கள் மாடுகளை விற்றார்கள், கல்லறைகளை விட்டார்கள். சுவிசேஷப் புத்தகத்தை மட்டும் விடவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு துறவி ஆட்டுத்தோலில் கிரேக்க எழுத்தில் எழுதியது. ஊருக்கே துருக்கிப் பேச்சுதான். பாதிரியாரைத் தவிர ஒருவருக்கும் அதில் ஒரு வரி புரியாது. ஆனாலும் காய்ச்சல் கண்டவர் தலையில் அதைத்தான் வைப்பார்கள். சண்டை என்றால் அதன்மேல்தான் சத்தியம். கல்யாணமானால் அதைத்தான் முத்தமிடுவார்கள். கோயில் சாவி வைத்திருந்தவன் புரோத்ரொமோஸ் என்பதால் புத்தகமும் அவனிடம் இருந்தது. அவனுக்குப் பின் அவளிடம் வந்தது. அதன் வெள்ளி அட்டையை யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று குழந்தைத் துணியில் சுற்றி, இன்னொரு பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு கப்பலேறினாள்.

"பாருங்கடி, ஒத்தப் புள்ளயோட வந்தவ ரெட்டப் புள்ளக்காரி ஆயிட்டா!" என்று பக்கத்து வீட்டு எவ்லாம்பியா சிரித்தாள். "ரெண்டாவது ரொம்பச் சமத்து. பாலும் கேக்காது, பீயும் பேளாது."

கப்பலில் காய்ச்சல் பரவியிருந்தது. செத்தவர்களைக் கடலில் போட்டுவிட வேண்டும் என்பது கேப்டன் உத்தரவு. மத்தியானம் இரண்டு மாலுமிகள் மேல்தளத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் கிரில்லோஸ் பின்னாலேயே வந்தார். முன்வரிசையில் ஒரு தாய் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று மாலுமியின் கையைக் கடித்தாள். மக்ரீனா அதை வேறெங்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலுமி அவள் முன் குனிந்து இரண்டு மூட்டைகளையும் பார்த்தான். கிரேக்கத்தில் ஏதோ கேட்டான்.

"தாயி, மூச்சு நின்னது எதுன்னு கேக்குறான்," என்றார் பாதிரியார்.

அவள் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

பாதிரியார்தான் அதை வாங்கினார். துணிக்குள் ஒரு முனை விரலில் தட்டியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார். மடியிலிருந்ததை அவள் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் சொல்லுங்க சாமி," என்றாள்.

அவர் சொன்னார். பச்சைக் குழந்தைகளுக்குரிய அடக்க ஜெபத்தை முதலிலிருந்து முடிவுவரை சொன்னார். மாலுமி வாங்கி வீசினான். விழுந்த வேகத்தில் அது மூழ்கிப் போயிற்று.

கரை தெரியும்வரை மக்ரீனா குழந்தையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. எவ்லாம்பியாவுக்கு வாடை வந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் தன் கம்பளியை எடுத்து மக்ரீனாவின் தோளோடு சேர்த்துப் போர்த்திவிட்டாள்.

காய்ச்சல்காரர்களைத் தனியே இறக்கும் தீவில், ஒரு பைன் மரத்தடியில் குழந்தையைப் புதைத்தார்கள். மண்ணை மக்ரீனா கையால்தான் தள்ளினாள். அப்போதுதான் அவர்கள் ஊர்க் கிழவர் சிமியோனுக்குக் கணக்கு இடித்தது.

"அப்ப கடல்ல போட்டது என்ன?"

எல்லோரும் மக்ரீனாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி! ஊரு சொத்துடி அது! ஒம் புள்ளைக்கு ஆறடி மண்ணு வேணும்னு எங்க சாமியத் தூக்கிக் கடல்ல போட்டியா?" கிழவர் கைத்தடியை ஓங்கினார்.

பாதிரியார் குறுக்கே வந்தார். "அவ போடல. எங் கையாலதான் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். அடிக்கிறதுன்னா என்னை அடி."

தடி மெல்லத் தாழ்ந்தது.

"எம் பேத்தி கல்யாணத்துக்கு எத முத்தமிடுறது சாமி?"

கிழவர் பாதிரியாரை விலக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். செருப்போடு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். குனிந்து ஒரு கை கடல்நீரை அள்ளி உதட்டில் ஒற்றினார். சற்று நேரம் கழித்து எவ்லாம்பியாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மக்ரீனா எழுந்திருக்கவில்லை. விரலிடுக்கில் காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டி, சுரண்டியதை அந்த மேட்டின்மேலேயே உதிர்த்துக்கொண்டிருந்தாள்.