ஒன்பதாவது ரம்பம்

தச்சுக் கருவிச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினரும், நாற்பத்தோரு உளிகள், பதினேழு இழைப்புளிகள், ஒன்பது ரம்பங்கள் ஆகியவற்றின் தனிப்பெரும் அதிபதியுமானவர் நேற்று மாலை நாலே காலுக்கு மறைந்தார் என்பதை உலகுக்கு அறிவிக்கச் சங்கத் தலைவர் கூடத்தில் தொண்டையைக் கனைத்தபோது, மகள் உள்ளறையில் கண்ணாடி அலமாரியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். எதையாவது எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்பா ஒரு மரத்துண்டைக்கூட அறுத்தவரில்லை. வீட்டில் ஆணி அடிக்கக் கீழ்வீட்டு ஓட்டுநரைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் வெல்வெட்டில் அதன் அளவுக்கே குழி, மூலையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், வாரம் ஒருமுறை எண்ணெய்த் துடைப்பு. தொடுவதென்றால் வெள்ளைக் கையுறை. அலுவலகத்தில் அவர் பெயரே கையுறைதான்.

ஒன்பது வயதில் அவள் ஒருமுறை தொட்டாள். அவர் திட்டவில்லை. விரல் பட்ட இடத்தை அவள் முன்னாலேயே துடைத்தார். திட்டியிருக்கலாம்.

சாவி அலமாரிக் கதவிலேயே தொங்கியது. கையுறை நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்பதாவது ரம்பம் குழியில் கோணலாகக் கிடந்தது. அதன் தகட்டில் ஒரு கை.

ஐந்து விரலும், உள்ளங்கையும், வளைந்த சுண்டுவிரலும், பழுப்பாய்த் துருவில் பதிந்திருந்தன. நேற்று மருத்துவர் போன பிறகு பார்த்தபோது தகடு பளபளவென்றுதான் இருந்தது. கை வந்தது அவர் போன பிறகு.

அவள் குனிந்தாள். தன் கையை அதன்மேல், படாமல், விரித்துப் பிடித்தாள்.

"என்னடி பண்றே? வண்டி வந்துடுச்சு."

"அம்மா, இதப் பாரு."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நேத்து மத்தியானம் படுத்திருந்தவர் எழுந்து இங்க வந்தாரு. கதவச் சாத்திக்கிட்டாரு. தொடச்சிடு."

"இருக்கட்டும்மா. அப்பாவோடது இது ஒண்ணுதான் எனக்கு."

"பாத்தா மனசு கஷ்டப்படுவாரு."

"யாரு பாக்கப் போறாங்க?"

அம்மா கூடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவாள் போலிருந்தது. காலையிலிருந்து அழவில்லை.

உரை முடித்த தலைவர் எட்டிப்பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"வேர்வைத் துரு. லேசுப்பட்டதில்லம்மா. எஃகோட உயிர்லயே போய் உக்காந்துடும். எத்தன தேய்ச்சாலும் போகாது. நூறு வருஷம் கழிச்சும் அடையாளம் இருக்கும். முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

ஒரு சங்கத் தலைவரின் பேச்சு ஆறுதல் தருவது அவள் வாழ்வில் அதுவே முதல்முறை. போகாதென்றால் நல்லது. அம்மா சொன்னதைச் செய்த மாதிரியும் ஆயிற்று, கையும் தங்கிவிடும்.

"சரிம்மா, தொடைக்கிறேன்."

இழுப்பறையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்தாள். அம்மா பார்க்க, அழுத்தியே தேய்த்தாள்.

மூன்றாவது தேய்ப்பில் போய்விட்டது.