எங்கள் தலைக்கு மேல் முள்ளங்கி

"மாடித் தோட்டத்தை இன்னைக்கே இறக்கணும், டீச்சர்."

சொல்லிவிட்டேன். டீச்சரம்மாவிடம் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சோறு ஊட்டிய காலத்திலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறாள். நாங்கள் குடியிருக்கும் மாடி அறை அவர் விட்டது. அப்பா ஓட்டுவது அவர் கார். எனக்குக் கல்லூரியில் இடம் வாங்க அலைந்ததும் அவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "நான் படிக்க வெச்ச பொண்ணு, சிவில் இன்ஜினீயர்" என்பார், புதிதாக வாங்கிய பீரோவைக் காட்டுவதுபோல.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதை இறக்கணும்?"

"பெட்டிங்களை. எல்லாத்தையும். மழை வர்றதுக்குள்ள."

ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. என் குரல் உயர்ந்திருந்தது. கோபம் என்று அவர் நினைத்திருப்பார். கோபமும்தான். ஆனால் குரலை உயர்த்தியது பயம்.

மொட்டை மாடியில் ஆறு மரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கயிறு கட்டிப் பிரித்த கட்டங்கள். ஒரு கட்டத்தில் கீரை, அடுத்ததில் முள்ளங்கி, அதற்குப் பக்கத்தில் வெண்டை. யோசனை டீச்சரம்மாவுடையது, முதுகு ஒடிவது அம்மாவுடையது. தரையில் வைத்திருந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தைப் பறித்தால் ஒரு சட்டி உரம் கொட்டித்தான் அடுத்த விதை. கொட்டுவதுதான் உண்டு, அள்ளுவது கிடையாது. நான் விடுதியில் இருந்தபோது, முள்ளங்கி கோணிக்கொண்டு வருகிறது, ஆழம் போதவில்லை என்று எல்லாப் பெட்டிக்கும் மேலே இன்னொரு வரிசைப் பலகை அடித்து மண் நிரப்பியிருக்கிறார்கள். சுவர் நிழல் விழக் கூடாதென்று எல்லாவற்றையும் நகர்த்தித் தளத்தின் நட்டநடுவில் சேர்த்திருக்கிறார்கள். தளத்தைத் தாங்கும் பீம்கள் ஓடுவது ஓரத்தில். நடுவில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அதற்கு நேர் கீழே எங்கள் அறை. அறையின் நடுவில் அக்காவின் குழந்தை தூங்கும் தொட்டில்.

"கூரையில விரிசல் விட்டிருக்கு டீச்சர்."

"எந்த வீட்டுல விரிசல் இல்ல?"

"பழைய விரிசல்னா அப்படியே கிடக்கும். இது வளருது. குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி வெச்சேன். காலைல பாத்தா நடுவுல கிழிஞ்சிருக்கு. குழந்தை மூஞ்சியெல்லாம் சுண்ணாம்புத் தூள்."

"அடேயப்பா! இன்ஜினீயரம்மா காகிதத்தை வெச்சே கட்டடத்துக்கு நாடி பாக்கறாங்க."

அம்மா கூடை நிறைய முள்ளங்கியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். "என்னடி பேசிட்டு நிக்கிறே? டீச்சர், இவ வேலை கிடைக்காத கடுப்புல உளர்றா. மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. பெட்டிகளுக்கு அடியில் ஓட்டைகள் உண்டு. பெய்கிற மழை வடிந்தாவது போகும். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று, "அம்மா, அடி ஓட்டை வழியா தண்ணி ஒழுங்கா வடியுதா?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

"அடைச்சுட்டேன்."

"என்னது?"

"புதுசா வெள்ளையடிச்ச சுவர்ல சேத்துத் தண்ணி வழிஞ்சு கறையாச்சு. திட்டு வாங்கணுமேன்னு நானே பழைய துணியைச் சுருட்டி அடைச்சேன்."

"அதான் கறை நின்னுபோச்சா!" டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. "உங்கம்மா சமத்துடி."

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. ஆறு பெட்டிகளும் குடித்ததையெல்லாம் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் ஒரு மழை வரப்போகிறது.

"டீச்சர், ஆள் கூப்பிடுங்க. இப்பவே."

"இப்பதான் காய் பிடிச்சிருக்கு. அடுத்த வாரம் என் சிநேகிதிங்க தோட்டம் பாக்க வர்றாங்க. அவங்க போகட்டும், பொறுமையா பாப்போம்."

"அப்ப அதுவரைக்கும் உங்க பேரனை அந்தத் தொட்டில்ல போடுங்க."

அம்மாவின் கையிலிருந்து கூடை சாய்ந்தது. டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த வீட்டுல இருக்கணும்னா வாயை மூடிட்டு இரு. முடியலன்னா மொத்தமா கிளம்புங்க."

"சரி" என்றேன். "நீங்களும் வெளிய வந்துடுங்க டீச்சர். மேல் தளம் விழுந்தா உங்க தளமும் தாங்காது."

படியேறி அறைக்குள் போனேன். நடுவில் கால் வைக்கப் பயம். சுவரை ஒட்டியே போனேன், திருட வந்தவள்போல. அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"குழந்தையை எடு."

"இப்பதான்டி கண்ணை மூடினான். எழுப்பினே, உன்னைக் கொன்னுடுவேன்."

மேலே ஏதோ 'டக்' என்றது. சின்னச் சத்தம்தான், யாரோ விரலைச் சொடுக்கியதுபோல. தொட்டில் துணிமேல் வெள்ளைத் தூள் இறங்கியது. அக்கா மறுபேச்சில்லாமல் குழந்தையை அள்ளி என் கையில் திணித்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"செருப்பை விடு, வா!"

படியில் அம்மா வழியை மறித்து நின்றாள். "போனா திரும்பி வர முடியாதுடி. அப்பா வேலை என்னாகும்?"

"போயிடும்மா."

அம்மா என் தோள்மேல் கிடந்த குழந்தையைப் பார்த்தாள், அதன் புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். "நான்தானே அடைச்சேன்... மேல போய் அந்தத் துணியையாவது உருவிட்டு வந்துடறேன்."

அவள் மேல்படியில் கால் வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வாழ்நாளில் அம்மாவை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. வளையல் ஒன்று உடைந்தது.

"மேல போகக் கூடாது."

"விடுடி, வலிக்குது."

"வலிக்கட்டும்."

இழுத்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் அக்கா வெறுங்காலோடு வந்தாள். டீச்சரம்மா கூடத்தில் நின்று எதையோ கத்தினார். காதில் விழவில்லை. வாசலில் அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துத் துணியோடு நிமிர்ந்தார்.

"எங்கேம்மா எல்லாரும் கிளம்பிட்டீங்க?"

"சாவியைக் கொடுத்துட்டு வாங்கப்பா."

நிற்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது குழந்தையின் நெற்றியில் முதல் துளி விழுந்தது.