என் தம்பியைத் தவிர

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பேர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிரதி போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்கிற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அவர்கள் சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போகிற ஒவ்வொரு நிரலின் லைசென்ஸையும் படித்து, ஏதாவது தடை எழுதியிருந்தால் வெளியே தூக்கிப் போடுவது அவள் வேலை. அன்றைக்குக் காலையில் அவள் மானமே கப்பலேறியது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் இயங்குதளத்தை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் ஆசிரியர் போன் செய்தார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் நிரல் ஒன்று இந்த வெளியீட்டில்தான் முதன்முதலாகச் சேர்கிறது. அது இருந்தால் அவரைப் போன்றவர்கள் யார் துணையும் இல்லாமல் இயங்குதளத்தைத் தாங்களே கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த நிரலை எழுதியவன் அவளுடைய சொந்த அண்ணன்.

"அந்த நிரலை வச்சு அதோட லைசென்ஸையே வாசிக்க விட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்மா. கடைசியில உங்க அண்ணன் ஒரு வரி சேர்த்திருக்காரு. பார்த்தீங்களா?"

அவள் எங்கே பார்த்தாள்? முதல் இரண்டு வரியிலேயே தலைகீழாகப் பாடமான பழைய லைசென்ஸ் என்று தெரிந்துபோய், சரி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குத் தாவியிருந்தாள். ஆயிரம் லைசென்ஸ் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இப்போது கடைசிக்குப் போனாள். 'மேலே சொன்னதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தும். என் தம்பியைத் தவிர.'

உலகத்தில் ஒரே ஒருவனை விலக்கினாலும் அந்த நிரலுக்கு உள்ளே இடம் இல்லை. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

வெளியீடு மாலையில். அதைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாம அந்த வரியை அழிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எழுதினவர்தான் அழிக்கலாம். நான் அழிச்சா திருட்டு."

"அப்போ நிரலைத் தூக்கிடுங்க."

"தூக்கினா அடுத்த வெளியீடு வர வரைக்கும் ஆசிரியர் யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பு அவன் கஷ்டப்பட்டு எழுதிய முதல் நிரலில் தம்பி அவன் பேரை அழித்துத் தன் பேரைப் போட்டுக் காட்டி, பெரிய வேலையில் போய் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் கிடந்து அல்லாடுவது அவள்.

"அந்த வரி இருக்கட்டும். வேணும்னா நிரலை வெளியே போட்டுக்கோ" என்றான் அண்ணன்.

"தம்பி மேல இருக்கற கோபத்துக்கு ஆசிரியர் ஏண்ணா கஷ்டப்படணும்?"

"சரி, அந்த வரியை எடுத்துடறேன். ஆனா நான் மட்டும் சொன்னா செல்லாது. குருவியும் சம்மதிக்கணும். பாதி அவன் எழுதினது."

குருவி என்ற பட்டப்பெயரில் யாரோ ஒருவர் பல வருஷமாக அந்த நிரலில் பிழை திருத்தியும் புது வரிகள் எழுதியும் அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை நேரில் பார்த்ததே இல்லை. "கூடப் பொறந்தவன்கூட அப்படி உழைக்கமாட்டான்" என்றான்.

லைசென்ஸை மாற்றச் சம்மதம் வேண்டும், சொந்தப் பேரில் வேண்டும் என்று அவள் குருவிக்கு மெயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, குருவிக்குப் போட்ட மெயில் எனக்குத்தான் வந்துச்சு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு சாத்து சாத்தவும் தோன்றியது. "அறிவிருக்காடா? நீ தொடவே கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான்."

"மன்னிப்புக் கேட்டா கதவைச் சாத்தறான்கா. பிழையைத் திருத்தி அனுப்பினா நன்றின்னு பதில் போடறான்." மூச்சை இழுத்துக்கொண்டான். "குருவின்னே சம்மதம் எழுதித் தரேன். நீ அவன்கிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா என் வரி அத்தனையும் பிடுங்கிப் போட்டுடுவான். அப்புறம் நிரலே ஓடாது."

அவன் சொன்னதும் நியாயம்தான். பேசாமல் வாங்கிக்கொண்டால் மாலைக்குள் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் ஒரு பேரை மறைத்ததில்தான் இந்தக் குடும்பமே இரண்டாகப் போனது. அதே அண்ணனிடம் இன்னொரு தடவை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சொல்லித்தான்டா ஆகணும். உன் பேர்லயே சம்மதம் எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் சட்டென்று போனைத் துண்டித்தான்.

தம்பியின் சம்மதம் வந்தது. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிரல் உள்ளே போய்விட்டதா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். நிரலை நீக்கும் கட்டளையைத் தட்டிவைத்துவிட்டு, அவளுடைய ஒரு சொல்லுக்காகக் கடிகாரம் பக்கத்தில் காத்திருந்தார். "இருங்க" என்றாள். இன்னொரு முறையும் "இருங்க" என்றாள்.

அப்போதுதான் அண்ணன் திருத்தம் அனுப்பினான். இந்தத் தடவை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். கடைசி வரி போயிருந்தது. குருவி எழுதிய எதிலும் அவன் கை வைக்கவில்லை. மேலே, நிரலின் உரிமையாளர் என்று தன் பேர் இருந்த இடத்தில், அதற்கு அடுத்தபடியாகத் தம்பியின் முழுப்பெயரைச் சேர்த்திருந்தான்.

"உள்ளே போடுங்க" என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "அவனை மன்னிச்சிட்டியாண்ணா?"

"இல்லை. செஞ்ச வேலையில அவனவன் பேர் இருக்கணும். அவன் என் பேரை அழிச்சான். நான் அவன் இல்லை."

தம்பி உடனே போன் செய்து கேட்டான், அண்ணன் என்ன சொன்னான் என்று. அவள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"இதுக்கு அவன் என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்கா" என்றான்.